ஒரு வருட விடுப்பில் பகல் எல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: 16 ஆண்டுகள் இடைவிடாமல் வேலை பார்த்தேன். ஒரு வருடம் சும்மா இருப்போம் என்று முடிவெடுத்து விலகினேன். வயது 41. சேமிப்பு இருக்கிறது, கணவர் வேலைக்குப் போகிறார். புது மொழி, ஓவியம், பாதியில் நிற்கும் என் எழுத்து வேலை, தினமும் உடற்பயிற்சி என்று பெரிய பட்டியல் போட்டு வைத்திருந்தேன். இப்போது ஒன்பதாவது வாரம். எழுந்திருக்கவே 9.30 ஆகிறது. எதையாவது தொடங்குவதற்குள் மதியம் வந்துவிடுகிறது. மதியம் படுத்தால் சாயங்காலம். பட்டியலில் ஒன்றுகூட நகரவில்லை. ரிப்பேருக்கு ஆள் வந்தால் நிற்பது, பார்சல் வாங்குவது, வங்கி வேலை, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாமே "நீ வீட்லதானே இருக்கே" என்று என் தலையில் விழுகிறது. ராத்திரி கணவர் "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்று சாதாரணமாகக் கேட்டாலே அழுகை வருகிறது. சின்னச் செலவு செய்தாலும் உறுத்துகிறது. மிச்ச மாதங்களும் இப்படியே போய்விடுமோ? நான் சோம்பேறியா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சோம்பேறி இல்லை. உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. 16 ஆண்டுகளாக உங்கள் நாளுக்கு வடிவம் கொடுத்தது அலுவலகம். எப்போது எழ வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும், எப்போது "இன்றைக்குப் போதும்" என்று எழுந்து வர வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது. வேலையை விட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. அந்தக் காலி இடத்தில் நீங்கள் வைத்தது ஆசைகளின் பட்டியல். அங்கே முதலில் வர வேண்டியவை சில நிலையான நேரங்கள்.

இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரையே வாழவைத்த ஜவுளி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மாரி யஹோதா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸல் ஆகிய சமூக ஆய்வாளர்களின் குழு அங்கே போய் மக்களின் அன்றாடத்தை நுணுக்கமாகப் பதிவுசெய்து, 1933-ல் வெளியிட்டது. நேரம் கைநிறையக் கிடந்த அந்த ஊரில், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அதுவும் முன்பு இருந்த கட்டணத்தை எடுத்த பிறகு! ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். அன்றைய நாளை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னால், எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர அதிகம் எழுத முடியவில்லை. வீட்டுவேலை கழுத்துவரை இருந்த பெண்களுக்கு நாள் இப்படிக் குலையவில்லை. அந்த மக்களிடமிருந்து வேலை பறிக்கப்பட்டது, கூடவே வறுமையும் சேர்ந்தது. நீங்கள் விரும்பி விலகியவர். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் நேரம் கைநழுவுகிற விதம் ஒன்றேதான், உங்கள் ஒன்பது வாரமும் அதையே காட்டுகிறது.

சம்பளம் தவிர வேலை நமக்குத் தரும் ஐந்தை யஹோதா பிற்காலத்தில் பிரித்துச் சொன்னார்: நேரத்துக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமாக ஏதோ ஒன்றில் இயங்குவது. விடுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் நோக்கத்தையும் அடையாளத்தையும் முதலில் பிடிக்கப் பார்க்கிறார்கள். மொழி, ஓவியம், எழுத்து என்று நீங்கள் போட்ட பட்டியலும் அதுதான். முதலில் நேரம் நிற்க வேண்டும். அது நின்றால்தான் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு பரிசோதனை. நீண்ட வேலைக்குப் பிறகு முதல் சில வாரம் அதிகம் தூங்குவது சகஜம். அந்த நாட்கள் வீண் என்று கணக்குப் போடாதீர்கள். ஆனால் ஒன்பதாவது வாரத்திலும் தூங்கி எழுந்த பின் களைப்பு போகவில்லை என்றால், ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், பெரும்பாலான நேரம் சோர்வாக, அழுகையாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை இருக்கிறது. கணவர் கேட்டாலே அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கால அட்டவணை போட்டு அதைச் சரிசெய்துவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி நாளுக்கு வருவோம். காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை கட்டம் கட்டி அட்டவணை போடாதீர்கள். ஒரு கட்டம் தவறியதும் நாளே போச்சு என்று தோன்றி, நான்காம் நாள் அட்டவணை குப்பைக்குப் போகும். நாளை மாட்டிவைக்க மூன்று ஆணி போதும்: எழும் நேரம், வீட்டைவிட்டு வெளியேறும் நேரம், கடையைச் சாத்தும் நேரம். நடுவில் உள்ளவை தளர்வாகவே இருக்கட்டும்.

முதல் ஆணிதான் மிகக் கடினம், அதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நம் உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. தினமும் அதை முன்னால் இழுத்துச் சரிசெய்வது காலை வெளிச்சம். அலுவலகம் போன காலத்தில் அது தானாக நடந்தது. இப்போது திரைச்சீலை மூடிய அறையில் 9.30 வரை படுத்திருப்பதால் கடிகாரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. "நாளை முதல் 6 மணிக்கு எழுவேன்" என்று ஒரே நாளில் இழுத்தால், முதல் நாள் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவீர்கள், இரவு ஒரு மணி வரை தூக்கம் வராது, மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அதனால் இரண்டு நாளுக்கு 15 நிமிடம் என்று முன்னால் நகர்த்துங்கள். 9.30-லிருந்து 7.00-க்கு வர 150 நிமிடம், அதாவது பத்துப் படி, 20 நாள். படுக்கும் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தூக்கம் வராமல் படுத்துக்கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று பழகிவிடும். எழும் நேரத்தைப் பிடித்துவைத்தால், படுக்கும் நேரம் சில நாளில் தானே பின்தொடரும்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் 30 நிமிடம் நடங்கள். விளக்கு போட்ட அறைக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்வது அதற்கு ஈடாகாது. இந்த நடையை வாரத்தில் ஐந்து நாள் சற்று வேகமாக நடந்தால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாராந்திர அளவின் (150 முதல் 300 நிமிடம்) கீழ் எல்லை அதிலேயே முடிந்துவிடும். தசைகளுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அது முதல் மாதத்திலேயே வேண்டியதில்லை. மதியம் கண் சொக்கினால் 3 மணிக்கு முன்பு 20 நிமிடம், அலாரம் வைத்து. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுவீர்கள், அரை மணி நேரம் தலை கிறுகிறுவென்று இருக்கும், இரவுத் தூக்கமும் கெடும். காஃபீன் உள்ள பானங்களை மதியத்தோடு நிறுத்திவிடுங்கள். உள்ளே போனதில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணிக்கு மேல் தள்ள வேண்டாம்.

இரண்டாவது ஆணி, வெளியே போவது. இங்கே ஒரு நிபந்தனை: வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது நீங்கள் போகும் இடத்தின் நேரத்தை வேறு யாராவது தீர்மானித்திருக்க வேண்டும். வகுப்பு, பயிற்சிக் குழு, தன்னார்வப் பணி, எதுவானாலும் சரி. நாம் நமக்கே கொடுத்த நேரத்தை நாமே தள்ளிப்போட்டுவிடுவோம். பத்துப் பேர் காத்திருக்கும் 10.30 மணியைத் தள்ளிப்போட முடியாது. மொழி கற்பதைச் செயலியில் செய்யாமல் நேரடி வகுப்பில் செய்யச் சொல்வது இதற்காகத்தான். மற்ற நாட்களில் எழுத்து வேலையை நூலகத்துக்கு எடுத்துப்போங்கள். வீட்டு மேஜையில் உட்கார்ந்தால் மடிக்காத துணி கூப்பிடும்.

மூன்றாவது, சாத்தும் நேரம். சாயங்காலம் 6 மணி என்று வையுங்கள். அதற்குப் பிறகு பட்டியலில் உள்ள எதையும் தொடக்கூடாது, பகல் வீணாகப் போயிருந்தாலும் சரி. பகலில் செய்யாததை ராத்திரி 11 மணிக்குச் செய்து ஈடுகட்டப் பார்ப்பவர்கள் மறுநாள் காலையை இழக்கிறார்கள். பிறகு அந்தக் காலைக்கும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மொபைலும் 6 மணியோடு ஓயாது என்று தெரியும். படுக்கும்போது அது வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும், அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். காலை முதல் அரை மணி நேரத்தை அதிகம் விழுங்குவது அலாரம் அணைக்கக் கையில் எடுத்த மொபைல்தான்.

பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். கையில் சுமார் 43 வாரம் இருக்கிறது. பயணம், உடல்நலக் குறைவு, குடும்ப விசேஷம், கடைசியில் வேலை தேடுவது எல்லாம் போக 36 வாரம் என்று வையுங்கள். தொடக்கத்தில் உங்களால் நிலையாகச் செய்ய முடிவது நாளுக்கு 90 நிமிடம், வாரம் நான்கு நாள். அதாவது வாரம் 6 மணி நேரம். மொத்தம் 216 மணி நேரம். அதை மொழிக்கும் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் பிரித்தால் ஆளுக்கு 72 மணி நேரம். 72 மணி நேரத்தில் எதுவும் ஒரு கரையைத் தொடாது. 216 மணி நேரத்தை ஒன்றுக்கே கொடுத்தால் தொடும். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் நிற்கும் எழுத்து வேலையைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது, முடித்ததைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். மொழி வகுப்பு வெளியே போகும் காரணமாக மட்டும் இருக்கட்டும். அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உங்களை நெருக்காதீர்கள். ஓவியத்தை இந்த வருடம் விட்டுவிடுங்கள். இப்படிச் சொல்வது வருத்தமாக இருக்கும். ஆனால் தொடாமல் கிடக்கும் மூன்று வேலைகள் தினமும் தரும் உறுத்தலைவிட, விட்டுவிட்ட ஒன்றின் வருத்தம் சீக்கிரம் ஆறும். அந்த 90 நிமிடத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நான்கு வாரம் தவறாமல் நடந்தால் இரண்டு மணி நேரம் ஆக்கலாம். முதல் வாரமே நான்கு மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்றால், இரண்டாம் வாரம் உட்காரவே மனம் வராது.

சின்ன வேலைகள் ஏன் பகலையே தின்றுவிடுகின்றன? பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955-ல் எழுதிய கட்டுரையில் இதைக் காட்டியிருக்கிறார். வேலை எதுவும் இல்லாத ஒரு மூதாட்டி, உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவதற்கு நாள் முழுவதையும் செலவழிக்கிறார்: அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக்கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம், முகவரிக்கு அரை மணி, குடை எடுத்துப்போவதா வேண்டாமா என்று யோசிக்க 20 நிமிடம். கைநிறைய வேலை உள்ளவர் அதையே மூன்று நிமிடத்தில் முடிப்பார். உங்கள் வங்கி வேலையும் இப்படித்தான் நீள்கிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் மூன்று நாள் மட்டும் அரை மணிக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். "10.00 வங்கிக்குப் போட வேண்டிய படிவம் தேடினேன். 10.30 படிவம் கிடைத்தது, அதைப் படம் எடுக்க மொபைலை எடுத்தேன். 11.00 மொபைல். 11.30 மொபைல். 12.00 இனி போனால் கூட்டமாக இருக்கும் என்று நாளைக்கு வைத்தேன்." இப்படி நாலு வரி போதும், நேரம் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். படிவம், கட்டணம், ரிப்பேர், பார்சல் போன்றவற்றுக்கு வாரத்தில் இரண்டு பிற்பகல் ஒதுக்குங்கள், உதாரணமாகச் செவ்வாயும் வெள்ளியும் 2 முதல் 5 வரை. வேறு நாளில் வரும் வேலையை ஒரு தாளில் குறித்து அந்த நாளுக்குத் தள்ளுங்கள். ரிப்பேர் ஆளிடமும் அந்த இரண்டு நாளில் ஒன்றைச் சொல்லுங்கள். உண்மையிலேயே அவசரமானவை மிகக் குறைவு.

இப்போது "நீ வீட்லதானே இருக்கே". இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உங்கள் நேரத்துக்கு ஒரு வடிவம் இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்று ஆணியும் நின்ற பிறகு, கணவரோடு ஒரு நாள் உட்கார்ந்து இதை எழுத்தில் போடுங்கள், கோபம் இல்லாத ஒரு நேரத்தில். பகலில் மட்டுமே செய்ய முடிகிற வெளிவேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்வது நியாயம். அவர் இதுவரை காலையிலும் மாலையிலும் செய்துவந்த வீட்டுவேலைகள் அவரிடமே இருக்க வேண்டும். மிக முக்கியமாக, நீங்கள் தற்காலிகமாக ஏற்பதற்கு முடிவுத் தேதி போடுங்கள். விடுப்பில் கைமாறிய வேலை, விடுப்பு முடிந்ததும் தானாகத் திரும்பிப் போகாது. இரண்டையும் சேர்த்துச் சுமப்பது நீங்களாகத்தான் இருக்கும். இதைச் சேர்த்துப் பேசாததால் பின்னால் கசந்துபோகும் வீடுகள் நிறைய. அம்மாவின் டாக்டர் சந்திப்பு வேறு கணக்கு. அதை உங்கள் வாரத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாளில் 90 நிமிடம் எதிர்பார்க்காதீர்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் ஒரு முறை விட்டு ஒரு முறை அவர்கள் போகட்டும்.

"இன்னிக்கு என்ன செஞ்சே?" என்ற கேள்வி உங்களைச் சுடுவதற்குக் காரணம், பதில் உங்களுக்கே தெரியாமல் இருப்பது. 6 மணிக்குச் சாத்தும்போது அன்று செய்ததை இரண்டு வரி எழுதிவையுங்கள். அவர் கேட்கும் முன்பே அதிலிருந்து ஒன்றைச் சொல்லிவிடலாம். ஒன்றுமே செய்யாத நாளில் "இன்னிக்கு ஓய்வு" என்று சொல்லுங்கள், ஓய்வுக்காகத்தானே விடுப்பு எடுத்தீர்கள். வெளியார் "இப்ப எங்க வேலை?" என்று கேட்டால் ஒரே வாக்கியம் போதும்: "ஒரு வருஷம் விடுப்புல இருக்கேன், எழுத்து வேலை ஒண்ணு முடிச்சிட்டிருக்கேன்." காரணம், நியாயம், சேமிப்பு விவரம் எதுவும் வேண்டாம். பழைய சக ஊழியர்கள் மெல்ல விலகிப்போவது இயல்பு. மாதம் ஒருவரையாவது நீங்களாக அழைத்துப் பேசுங்கள். திரும்பப் போகும்போது இந்தத் தொடர்புதான் முதலில் கைகொடுக்கும்.

செலவு உறுத்துவது, எல்லை தெரியாததால். எல்லையைக் கணக்குப் போட்டுவிடுங்கள். கணவரின் பங்கு போக, உங்கள் பங்காக வரும் மாதச் செலவு 100 என்று கொள்வோம். ஆண்டுக்கொருமுறை வரும் காப்பீட்டு பிரீமியம், வரி, பராமரிப்பு எல்லாம் கூட்டி 180 என்றால் மாதத்துக்கு 15. ஆக உண்மையான மாதச் செலவு 115. சேமிப்பு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரைவது பெரும்பாலும் இந்த 15-ஐ மறப்பதால்தான். மிச்சமுள்ள 10 மாதத்துக்கு 1,150. வேலை தேடி முதல் சம்பளம் கைக்கு வர 4 மாதம் என்றால் 460. எதிர்பாராததற்குப் பத்தில் ஒரு பங்கு, 160. மொத்தம் 1,770. இதைவிட அதிகம் கையில் இருந்தால் 115-க்குள் எப்படிச் செலவழித்தாலும் உறுத்த வேண்டியதில்லை. 1,400-தான் இருக்கிறது என்றால் விடுப்பை மூன்று மாதம் சுருக்குங்கள், கணக்கு சரியாகிவிடும். வருடம் முழுக்க ஒவ்வொரு சின்னச் செலவுக்கும் மனசுக்குள் சண்டை போடுவதைவிட அது நல்லது. சேமிப்பைத் தனிக் கணக்கில் வைத்து, மாதம் ஒரே தேதியில் 115 மட்டும் செலவுக் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். பழைய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பெரும்பாலும் அது வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசிகளில் சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பதால் தாமதிப்பது ஆபத்து.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி இப்போதே தினமும் யோசிக்க வேண்டாம். அதற்கு ஒரு தேதி போட்டு நாள்காட்டியில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். ஒன்பதாம் மாதத் தொடக்கம் சரியாக இருக்கும். அதற்குள் உங்கள் துறையின் சான்றிதழ் எதுவும் காலாவதியாகிறதா என்பதை மட்டும் இன்றே பார்த்துவையுங்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த மாதம் முடித்ததை அரைப் பக்கம் எழுதுங்கள். நேர்முகத்தில் "அந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது நினைவிலிருந்து தேடினால் வார்த்தை தடுமாறும், ஒன்பது அரைப் பக்கங்களை முந்தின நாள் படித்துவிட்டுப் போனால் தடுமாறாது. புதிய வேலை உறுதியானதும், சேரும் தேதிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே எழும் நேரத்தை இரண்டு நாளுக்கு 15 நிமிடம் என்று அந்த அலுவலக நேரத்துக்கு நகர்த்தத் தொடங்குங்கள். கணவரோடு போட்ட தாளையும் அந்த வாரமே எடுத்து, வேலைகளைத் திரும்பப் பிரித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது.